சின்ன டிராவல் ட்ரெய்லரின் வீல் பேரிங், பிரேக்: வீட்டு வாசலிலேயே பராமரிப்பது எப்படி?

ட்ரெய்லர் சக்கரத்துக்குள் பேரிங் கிரீஸும், உரசி வண்டியை நிறுத்தும் பட்டையான பிரேக் லைனிங்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்பது சில டாலர் விலையுள்ள ஓர் ஆயில் சீல் மட்டும்தான். அது கிழிந்தால் கிரீஸ் வழிந்து லைனிங்கில் ஏறும், பிரேக் பிடிக்காது. உள்ளே பேரிங்கும் காய்ந்துபோகும். அதனால் இந்த இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யுங்கள். எலெக்ட்ரிக் பிரேக் உள்ள சின்ன ட்ரெய்லர்களில் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) டிரம்மும் (லைனிங் உள்ளே உரசும் கிண்ணம்) பெரும்பாலும் ஒரே வார்ப்பு என்பதால், பேரிங்கைப் பார்க்கக் கழற்றினாலே பிரேக்கும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் சின்ன டிராவல் ட்ரெய்லர்கள் பலவற்றுக்கு 3,500 பவுண்டு தாங்கும் ஒற்றை அச்சும், 10 அங்குல எலெக்ட்ரிக் டிரம் பிரேக்கும்தான். கீழே சொல்வது அந்த அமைப்புக்கு. அச்சுகள் தயாரிக்கும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேடு, 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பேரிங்கைப் பார்த்துப் புது கிரீஸ் போடச் சொல்கிறது. "வருஷம் முழுக்க சும்மாதானே நின்றது" என்று தள்ளிப்போடாதீர்கள். நிற்கும் வண்டியில் ஈரம் உள்ளே தங்கி, பேரிங்கின் உருளைகள், அவை ஓடும் வளையமான ரேஸைத் தொடும் இடத்திலேயே துரு பிடிக்கும்.

தூக்குவது

சமதளத்தில், காரோடு மாட்டிய நிலையிலேயே நிறுத்துங்கள். மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிக்கொள்ளுங்கள். ஜாக்கை அச்சுக் குழாயின் அடியில் வைக்கவே கூடாது, குழாய் வளைந்துவிடும். சேஸிஸ் சட்டத்தில் கொடுத்துத் தூக்கி, உடனே ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் கைவிட வேண்டாம்.

தூக்கியதும் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மிக லேசான அசைவு இருக்கலாம். கையில் தெளிவாகத் தட்டுகிற ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ பேரிங்கில் கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, புது பேரிங் வாங்கி வைத்துக்கொண்டு மேலே தொடருங்கள்.

கழற்றுவது

சக்கரத்தை எடுத்த பிறகு, நடுவில் இருக்கும் டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினால் கழன்று வரும். நட் கழலாமல் காக்கும் காட்டர் பின்னை நேராக்கி இழுங்கள். சில அச்சுகளில் பின்னுக்குப் பதில் மடக்கிவிடும் தகடு இருக்கும், அதை நிமிர்த்தினால் போதும். நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு, டிரம்மை ஓர் அங்குலம் உங்கள் பக்கம் இழுத்து மறுபடி உள்ளே தள்ளுங்கள். வெளிப் பேரிங் தானாக வெளியே வந்து நிற்கும். கையில் வாங்கிக்கொள்ளுங்கள், மண்ணில் விழக் கூடாது.

டிரம் வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். தேய்மானத்தால் டிரம்மின் உள்விளிம்பில் உண்டான மேட்டில், லைனிங் ஒட்டிய பிரேக் ஷூ சிக்கியிருக்கும். பின்தகட்டின் கீழே உள்ள துளை வழியாக, ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரமான ஸ்டார் வீலைத் தளர்த்தினால் வந்துவிடும். டிரம்மைக் கவிழ்த்து, பழைய சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் கிடைக்கும். இடது பக்கச் சாமானை வலது பக்கத்தோடு கலக்காமல் வையுங்கள்.

பேரிங்கைப் படிப்பது

இந்த வேலையில் நிதானம் தேவைப்படுகிற இடம் இதுதான். பேரிங்கை மண்ணெண்ணெயிலோ மினரல் ஸ்பிரிட்டிலோ பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். காற்றடித்துச் சுழலவிட வேண்டாம், உருளைகள் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். பிறகு நல்ல வெளிச்சத்தில், உருளைகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பாருங்கள். நல்ல உருளை முழுக்க ஒரே மாதிரிப் பளபளக்கும். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது என்று அர்த்தம். புள்ளிப் புள்ளியாகக் குழி, செதில் பெயர்ந்த இடம், கீறல் எது தெரிந்தாலும் அந்தப் பேரிங் வேண்டாம். ஹப்புக்குள் இருக்கும் ரேஸையும் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் பள்ளம் நகத்துக்குத் தப்பாது.

மாற்றினால் பேரிங்கையும் ரேஸையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இந்த அளவு அச்சில் பொதுவாக உள்ளே எல்68149, வெளியே எல்44649 இருக்கும். ஆனாலும் உங்கள் பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

கிரீஸ் ஏற்றுவது

வீல் பேரிங்குக்கென்று விற்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. 2 தரம் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்), போதுமானது. வேறு வகை கிரீஸோடு கலக்காதீர்கள்.

இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு கிரீஸ் வையுங்கள். பேரிங்கின் அகன்ற பக்கம் கீழே வரும்படி வலது கையில் பிடித்து, உள்ளங்கையின் அடிமேட்டில் அழுத்தி அழுத்தி இழுங்கள். கிரீஸ் உருளைகளுக்கு இடையில் புகுந்து, மறுபக்கம் மெல்லிய புழுக்களாக எட்டிப் பார்க்கும் வரை விடக் கூடாது. கொஞ்சம் திருப்பி, அடுத்த இடம். சுற்று முழுக்க முடித்து, வெளியேயும் ஒரு பூச்சு கொடுங்கள். வெளியே மட்டும் தடவிய பேரிங் உள்ளே காய்ந்தே இருக்கும்.

உள் பேரிங்கை வைத்து, புது சீலை மரக்கட்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். பழைய சீலைத் திரும்பப் போடவே வேண்டாம். அச்சின் முனைத் தண்டான ஸ்பிண்டிலில் சீல் உட்காரும் பகுதியில் துருவோ கீறலோ இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும், அந்த இடம் வழவழப்பாக இருக்க வேண்டும்.

சில அச்சுகளில் ஸ்பிண்டில் முனையில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. கிரீஸ் கன்னால் அடித்துவிட்டால் கழற்றவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. சக்கரத்தைச் சுற்றாமல் வேகமாக அடித்தால் கிரீஸ் சீலைத் தாண்டி நேராக பிரேக்குக்குள் போகிறது. அதைவிட முக்கியமாக, நிப்பிள் வழியாக பேரிங்கின் முகத்தைப் பார்க்க முடியாது.

பிரேக்

டிரம்மை மாட்டும் முன் முகமூடி போட்டுக்கொண்டு பிரேக் கிளீனரால் தூசியைக் கழுவுங்கள். காற்றால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். லைனிங்கின் கனம் 1/16 அங்குலத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். கிரீஸில் ஊறிய லைனிங்கை எத்தனை கழுவினாலும் தேறாது, புதிதுதான். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள், இல்லையென்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷூ மாட்டும்போது லைனிங் குட்டையான ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

கீழே ஒரு மேக்னட் தெரியும். மின்சாரம் வந்ததும் அது டிரம்மின் உள்முகத்தைப் பற்றிக்கொள்ளும். சுழலும் டிரம் அதை இழுக்க, அதோடு சேர்ந்த நெம்புகோல் ஷூக்களை விரிக்கும். மேக்னட் முகம் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, உள்ளே செம்புச் சுருள் தெரிந்தாலோ இரண்டு சக்கரத்திலும் மாற்றுங்கள். அதற்குப் போகும் ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டுவது

டிரம், வெளிப் பேரிங், வாஷர், நட். டிரம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள், பேரிங் ஒழுங்காக உட்காரும். பிறகு டிரம்மைச் சுற்றாமல் நட்டை முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். காட்டர் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்றால் அடுத்த துளை வரும் வரை தளர்த்த வேண்டும், இறுக்கக் கூடாது. இறுக்கமாக விட்ட பேரிங் சாலையில் வெந்து போகும். காட்டர் பின்னும் புதிதாகவே இருக்கட்டும்.

சக்கரத்தை மாட்டி, ஸ்டார் வீலைக் கையால் சக்கரம் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு லேசான உரசல் சத்தத்தோடு தாராளமாகச் சுற்றும் வரை தளர்த்துங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக்குக்கு இது தேவையில்லை. மற்றவற்றுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை இதை மறுபடி செய்ய வேண்டும்.

சக்கரம் தூக்கியே இருக்கும்போது, ட்ரெய்லர் காரிலிருந்து கழன்றுபோனால் தானாக பிரேக் போடும் பிரேக்அவே ஸ்விட்சையும் பார்த்துவிடுங்கள். காரோடு சேரும் மின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சின் பின்னை இழுங்கள். சக்கரம் கையால் அசையக் கூடாது. அசைந்தால் முதலில் ட்ரெய்லர் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பின்னைத் திரும்பச் செருக மறந்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

இறக்கிய பிறகு சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு (நட் ஏறும் போல்ட்) 90 முதல் 120 அடி-பவுண்டு. 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி சரிபாருங்கள்.

முதலில் காலியான ஒரு பார்க்கிங் இடத்தில் மெதுவாக ஓட்டி, காருக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் முதல் நிறுத்தத்தில் இரண்டு ஹப்பின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கணிசமாகச் சுட்டால், ஆற விட்டு, அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்டார் வீல் இறுக்கமாக இருக்கும், இல்லையென்றால் ஸ்பிண்டில் நட்.