ஐபி முகவரிக்கும் போக்குவரவு உண்டு: எல்லையோர இணையச் சேவையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ நிலம் வாங்கியவர்களுக்கு இது தெரியும். ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், பதிந்ததோடு வேலை முடிவதில்லை. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து, தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) நம் பெயருக்கு மாறி, கரம் (நிலவரி) கட்டிய ரசீது கைக்கு வர வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியில் ஆதாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இருப்பது பதிவேடு மட்டும். முகவரியை யாரும் விலைக்கு வாங்கிச் சொத்தாக வைத்துக்கொள்வதில்லை, கொள்கைக்கு உட்பட்டுப் பயன்படுத்தும் உரிமையைத்தான் பெறுகிறோம். கேபிள் டிவியிலிருந்து பிராட்பேண்டுக்கு வந்த சிறு நிறுவனங்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது யார் என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. டொமைன் பெயர் விற்பவருக்கும் ஐபி எண்களுக்கும் சம்பந்தமில்லை. உலகில் 5 வட்டாரப் பதிவகங்கள் உள்ளன. ஆசிய பசிபிக் பகுதிக்கு பிரிஸ்பேனில் உள்ள அப்நிக். அதன் கீழ் இந்தியாவுக்கு, நிக்ஸி (இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம்) நடத்தும் ஐஆர்ஐஎன்என் 2012 முதல் தேசியப் பதிவகமாக இருக்கிறது. உங்கள் பிளாக் (முகவரித் தொகுதி) ஐஆர்ஐஎன்என் வழியாக வந்ததென்றால் திருத்தங்களையும் அங்கேதான் செய்ய வேண்டும்.

எண்ணிக்கையில் வரும் தப்புக் கணக்கு

ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் தாராளமாகக் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று அப்நிக் தன் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. 2019 முதல் ஒரு புதிய நிறுவனத்துக்கு அதிகபட்சம் /23, அதாவது 512 முகவரிகள்தான் (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் கூடக்கூட பிளாக் சிறிதாகும்). 3,000 வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்க நினைப்பவர் முதல் நாளிலிருந்தே முகவரிப் பகிர்வையும் (ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குக் கொடுப்பது), முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய முறையான ஐபிவி6-ஐயும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். பகிர்வுக்கு 10-இல் தொடங்கும் முகவரிகளை எடுத்தால் வாடிக்கையாளர் வீட்டு ரூட்டருக்குள் ஓடும் எண்களோடு மோதக்கூடும். அதற்கென்றே ஒதுக்கப்பட்ட 100.64.0.0/10-ஐ எடுங்கள். ஒரு முகவரியில் பல இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் உள் எண்ணான போர்ட் ஒரு வீட்டுக்கு 2,000 என்று வைத்தால், ஒரு பொது முகவரியில் 32 வீடுகள் அடங்கும்.

ஐபிவி6-இல் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. ஐபிவி4-இல் பழகிய சிக்கனம் கையை விட்டுப் போகாமல், வீட்டுக்கு ஒரே ஒரு /64 (ஒரு நெட்வொர்க்குக்கான அளவு) கொடுக்கிறார்கள். வீட்டில் விருந்தினர் வைஃபை, கேமரா என்று தனித்தனி நெட்வொர்க் போட்டால் அது போதாது. சேவையாளருக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச அளவே /32. அதில் 1,67,77,216 எண்ணிக்கை /56 இருக்கிறது. ஒரு /56-க்குள் 256 நெட்வொர்க். சித்தூர் தாலுகா முழுவதற்கும் கொடுத்தாலும் தீராது.

எல்லை தாண்டும் இரவல் பிளாக்

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. முகவரிக்கு மாநில எல்லை தெரியாது, உரிமத்துக்குத் தெரியும். இணையச் சேவைக்கான சி பிரிவு உரிமம் ஒரு எஸ்எஸ்ஏ (வட்டத்தைவிடச் சிறிய தொலைபேசிப் பகுதி) அளவுக்கும் பி பிரிவு ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும்தான் செல்லும். அதனால் வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நிறுவனம், பொள்ளாச்சியில் உறவினர் பெயரில் இன்னொன்று என்று நடத்துகிறார்கள். ஒரு நிறுவனத்தின் /24 (256 முகவரி) சத்தமில்லாமல் மற்றதன் நெட்வொர்க்கில் ஓடும். உறவு முறையில் இரவல் கொடுத்ததுதானே என்ற எண்ணம். பதிவேட்டில் அவை இரண்டு தனி நிறுவனங்கள்.

பொள்ளாச்சியில் யாரோ செய்த மோசடிக்கு சைபர் போலீஸ் பதிவேட்டைப் பார்த்து, பாலக்காட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டும். அங்கே அந்த இணைப்பின் லாக் (பயன்பாட்டுக் குறிப்பு) இருக்காது. பிளாக்கின் ஒரு பகுதியை இன்னொருவருக்குத் துணை ஒதுக்கீடாகக் கொடுத்தால், யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேடான ஹூயிஸில் அந்தப் பகுதியை யார் பயன்படுத்துகிறார் என்று எழுதி, தொடர்பு விவரத்தையும் சேருங்கள். நிறுவனமே கைமாறினால் அந்த மாற்றத்தைக் காட்டும் ஆவணங்களோடு பதிவகத்துக்குப் போய் பெயரை மாற்றுங்கள். கடைசித் தொகுப்பிலிருந்து, அதாவது 103-இல் தொடங்கும் பகுதியிலிருந்து பெற்ற முகவரிகளின் பயன்பாட்டு உரிமையை முதல் 5 ஆண்டுக்குள் விற்க அப்நிக் கொள்கை இடம் கொடுப்பதில்லை. இது தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டால் பணம் மாட்டிக்கொள்ளும்.

எல்லையோரத்தின் இன்னொரு தொல்லை: கொழிஞ்சாம்பாறை வாடிக்கையாளர் கோயம்புத்தூரில் இருப்பதாக இணையதளங்கள் காட்டும். இதற்குப் பதிவகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்பிடம் கணிப்பவை வேறு நிறுவனங்கள். ஜியோஃபீட் என்ற சிறு கோப்பை நீங்களே தயாரிக்கலாம். ஒரு வரிக்கு ஒரு பிளாக். காற்புள்ளி இட்டு நாட்டுக் குறியீடு, மாநிலக் குறியீடு, ஊர். அதை உங்கள் தளத்தில் வைத்து, அதன் இணைப்பை ஹூயிஸ் பதிவில் சேருங்கள்.

ஆர்ஓஏ: அவசரத்தில் கெடுவது

இந்த பிளாக்குக்கான வழியை (ரூட்டை) இந்த ஏஎஸ் எண் (ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கலாம் என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் சான்றுதான் ஆர்ஓஏ. போடாமல் விடுவது ஒரு தவறு. தப்பாகப் போடுவது அதைவிடக் கெடுதல். சான்றோடு முரண்படும் ரூட்டைப் பெரிய நெட்வொர்க்குகள் பல தள்ளிவிடும்.

உங்களிடம் ஒரு /23 இருக்கிறது, அதற்கு அதிகபட்ச நீளம் 23 (அதைவிடச் சிறு துண்டாக அறிவிக்கக் கூடாது) என்று ஆர்ஓஏ போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நாள் டிராஃபிக்கைப் பிரிக்க இரண்டு /24-ஆக அறிவிக்கிறீர்கள். இரண்டுமே செல்லாதவை ஆகிவிடும். /23 அறிவிப்பு தொடர்ந்து இருந்தால் அதன் வழியே ஓடும். அதையும் நிறுத்தியிருந்தால் பாதி உலகம் திறக்கவில்லை என்று போன் வரத் தொடங்கும். அதற்குப் பயந்து, அறிவிக்காத நீளத்துக்கும் இடம் விட்டு 24 என்று போட்டு வைப்பதும் சரியல்ல. ரூட் தொடங்கும் இடமாக உங்கள் ஏஎஸ் எண்ணைப் போலியாகக் காட்டி, உங்கள் /24-ஐ வேறொருவர் அறிவித்தால் அது சரியான ரூட்டாகவே தெரியும். என்ன அறிவிக்கிறீர்களோ அதற்கு மட்டும் ஆர்ஓஏ போடுங்கள்.

அப்ஸ்ட்ரீமை, அதாவது உங்களுக்கு இணைப்புத் தரும் மேல்நிலைச் சேவையாளரை, மாற்றும்போது வரிசை முக்கியம். சொந்த ஏஎஸ் எண் இல்லாதவருக்கு அப்ஸ்ட்ரீமின் எண்தான் ஆர்ஓஏவில் இருக்கும். புதியவரின் எண்ணோடு இன்னொரு ஆர்ஓஏவை ஒரு நாள் முன்பே போடுங்கள். ஒரே பிளாக்குக்கு இரண்டு இருப்பதில் தடையில்லை. ரூட் மாறி நிலைத்த பிறகு பழையதை நீக்குங்கள். பழையதை முதலில் நீக்கிப் புதியதைப் போட்டால், பழைய லைனில் ஓடிக்கொண்டிருக்கும் ரூட் முரண்பாடாகிவிடும்.

தொடர்பு மின்னஞ்சலில் வேலையை விட்டுப் போன பையனின் முகவரி இருப்பது மிகச் சாதாரணம். முறைகேடு பற்றிய புகார் வரும் முகவரியை 6 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது அப்நிக் கொள்கை. சரிபார்ப்பு மடலுக்கு 15 நாள் அவகாசம். தனிநபர் பெயரில் வைக்காமல், இருவராவது பார்க்கும் பொதுப் பெட்டியாக வையுங்கள்.

விதி எழுதும் இடத்துக்குப் போகாமல் இருப்பது

/22 ஆக இருந்த உச்சவரம்பு 2019-இல் /23 ஆனது யாரோ அதிகாரியின் உத்தரவால் அல்ல. அப்நிக்கின் கொள்கைக் கூட்டத்துக்கு ஒரு முன்மொழிவு வந்தது, விவாதித்தார்கள், ஏற்றார்கள். உறுப்பினராக இல்லாதவரும் இதில் பேசலாம், இணையம் வழியாகவும் கலந்துகொள்ளலாம். நம் பக்கத்துச் சிறு சேவையாளர்கள் அங்கே வாய் திறப்பதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 500 முகவரியோடு பிழைப்பவரின் கஷ்டம், லட்சக்கணக்கில் வைத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பேசுபவர்கள் செய்யும் தவறு, இதை ஓட்டெடுப்பாக நினைப்பது. தலை எண்ணுவது இங்கே முடிவல்ல. ஒருமித்த கருத்துத்தான் முடிவு. ‘எதிர்க்கிறேன்’ என்று ஒற்றை வரி எழுதினால் எடை குறைவு. எந்தப் பிரிவு, உங்கள் நெட்வொர்க்கில் எதை உடைக்கும், என்ன மாற்றினால் ஏற்பீர்கள் என்று எழுதுங்கள். கொள்கைக் கூட்டத்துக்கு 4 வாரம் முன்பே முன்மொழிவு வந்துவிட வேண்டும் என்பதால் படித்துப் பார்க்க நேரம் இருக்கும். கூட்டத்திலும், அடுத்து உறுப்பினர் கூட்டத்திலும் ஏற்கப்பட்ட பிறகும் கடைசிக் கருத்துக்குக் குறைந்தது 4 வாரம் உண்டு. அதன் பின்னரே செயற்குழுவுக்குப் போகும். ஆண்டுக்கு இரண்டு கூட்டம். அதைத் தவறவிட்டு, விதி நடைமுறைக்கு வந்த பிறகு பதிவக ஊழியரிடம் வாதிட்டால் அவரால் எதையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் நீங்களே ஒரு முன்மொழிவு எழுத வேண்டும், அதற்கும் அதே 4 வாரக் கணக்குத்தான்.