தந்தமா, எலும்பா, கொம்பா? பழம்பொருளின் வெட்டுமுகத்தைக் கொண்டு அறியும் முறை

யாங்கோனில் நம்மவர் வீடுகளில் எஞ்சியிருக்கும் கத்திப்பிடி, சீப்பு, குங்குமச் சிமிழ் ஆகியவற்றில் வெளிர்மஞ்சளாக எது இருந்தாலும் தந்தம் என்றே சொல்லிவிடுகிறோம். போஜோ சந்தையில் விலை பேசும்போதும் அந்தப் பெயர்தான் முதலில் வருகிறது. பிரித்தறிவதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சும் சிறிய டார்ச்சும் போதும். கைப்பேசிக் கேமராவை நான் பரிந்துரைப்பதில்லை. அது நுண்கோடுகளை மழுங்கடித்துவிடுகிறது.

பொருளை உலர்ந்த துணியால் துடையுங்கள், நனைக்காதீர்கள். பிறகு மெல்லிய ஓரத்தின் பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். மாட்டுக்கொம்பும் எருமைக்கொம்பும் நகத்தைப் போன்ற கெரட்டினால் ஆனவை என்பதால், கறுப்பாகத் தெரியும் சீப்பின் பற்கள்கூட ஒளியில் பழுப்பாகக் கசியும். பழைய கொம்பு ஏடு ஏடாகப் பிரிந்தும் பூச்சி அரித்தும் இருக்கும்.

அடுத்தது வெட்டுமுகம், அதாவது பொருளின் நீளத்துக்குக் குறுக்கே வெட்டுப்பட்ட முகம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான், ஏனெனில் எல்லோரும் பக்கவாட்டையே பார்க்கிறார்கள். தந்தத்தின் பக்கவாட்டில் ஏறக்குறைய இணையாக ஓடும் நெளிகோடுகள் இருக்கும். செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த போலியிலும் கோடுகள் உண்டு, ஆனால் அவை சீரான இடைவெளியில் நேராக ஓடும். தந்தத்தை உறுதிப்படுத்துவது குறுக்குவெட்டு முகம்: அங்கே இரு திசைகளில் வளைந்து செல்லும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிறு சாய்சதுரங்களை உண்டாக்கும். இவற்றை ஷ்ரேகர் கோடுகள் என்பர். புறவிளிம்புக்கு அருகே அவை வெட்டும் கோணம் யானைத் தந்தத்தில் பொதுவாக விரிகோணமாகவும், அழிந்துபோன மாமத யானையின் (மாமத், mammoth) தந்தத்தில் குறுங்கோணமாகவும் இருக்கும்.

எலும்பில் இந்த வலைப்பின்னல் கிடையாது. இரத்தக்குழாய்கள் சென்ற நுண்துளைகள் வெட்டுமுகத்தில் கரும்புள்ளிகளாகவும், பக்கவாட்டில் அழுக்கேறிய குறுங்கீறல்களாகவும் தெரியும். வெளுத்து மெருகேற்றிய எலும்பில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் அவை புலப்படும்.

மான்கொம்பும் எலும்புத்திசுவே, மான் அதை உதிர்த்து மீண்டும் வளர்க்கும். வெளிவளையம் கெட்டியாகவும் நடுப்பகுதி பஞ்சுபோல் துளைகள் நிறைந்தும் இருக்கும். கடமான் கொம்பின் கெட்டிப்பகுதி தடிப்பானது. கத்திப்பிடிக்கு அது ஏற்றதாக இருப்பதும், வரிவரியான மேல்தோலைச் சீவாமல் விட்டிருப்பதும் அதனால்தான்.

பின்னர் சேர்த்தது: பிடியின் முனையைப் பூண் மூடியிருந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டார்கள். பூணைக் கழற்ற வேண்டாம். செதுக்கிய குழிவுகளிலும் உடைந்த ஓரங்களிலும் குறுக்குவெட்டு சிறிதளவு வெளிப்பட்டிருக்கும். லென்சை அங்கே வையுங்கள்.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அது தந்தத்தில் அழியாத வடுவை விடும். செல்லுலாய்டோ சட்டென்று தீப்பற்றிக்கொள்ளும்.

தந்தம் என்று உறுதியானால் அதை உறவினருக்காகச் சென்னைக்கு எடுத்துச் செல்ல முயலாதீர்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையில், மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலில் ஆசிய யானை 1975 முதல் உள்ளது. மியான்மர் 1997இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது.