அப்ரைட் ஃப்ரீசர்: இடம் பார்த்து வைப்பது முதல் பழசைக் கழிப்பது வரை

பீரோ போல முன்பக்கம் கதவு திறக்கும் அப்ரைட் ஃப்ரீசருக்கு இடம் குறைவாகப் போதும். வேண்டிய பொருளைக் குனிந்து துழாவாமல் எடுக்கலாம். ஆனால் மேல்மூடி வைத்த பெட்டி ஃப்ரீசருக்கு இல்லாத ஒரு பலவீனம் இதற்கு உண்டு. குளிர்காற்று கனமானது. கதவைத் திறந்த உடனே அது கீழ்வழியாகக் கொட்டிவிடும், அந்த இடத்துக்கு நம் ஊரின் ஈரக்காற்று உள்ளே போகும். அந்த ஈரம்தான் பனியாகப் படிகிறது.

ஃப்ரீசர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். வெப்பம் வெளியேற வழி இருக்க வேண்டும், புது வெப்பம் தேவையில்லாமல் உள்ளே நுழையக் கூடாது. "கூலிங் இல்லை, கேஸ் போயிருக்கும்" என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

வாங்கும்போது

லிட்டரையும் ஸ்டார் எண்ணிக்கையையும் எல்லோரும் பார்க்கிறார்கள். உள்பக்கமோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் ரேட்டிங் லேபிளையும் பாருங்கள். அதில் தட்பவெப்ப வகை இருக்கும். 'என்' வகை 32 டிகிரி வரைக்கும், 'எஸ்டி' 38 வரைக்கும், 'டி' 43 வரைக்கும் என்று வடிவமைக்கப்பட்டவை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், கரூர் பக்கம் 'டி' வகையைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மிஷின்களில் இதைக் கட்டாயம் சரிபார்க்கவும்.

அதே லேபிளில் கேஸின் பெயரும் எடையும் இருக்கும். இப்போது வரும் வீட்டு மாடல்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். பழைய ஆர்-134ஏ-வைவிடச் சுற்றுச்சூழலுக்கு மிக நல்லது, ஆனால் தீப்பற்றும். அதனால்தான் வீட்டு மிஷின்களில் சிறிய அளவே நிரப்பப்படுகிறது. 8 கிராம் கேஸுக்கு அறையில் குறைந்தது 1 கன மீட்டர் காற்று வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. லேபிளில் 56 கிராம் என்றிருந்தால் 7 கன மீட்டர். 10-க்கு 10 அறையில், 10 அடி உயரத்தில், சுமார் 28 கன மீட்டர் இருப்பதால் கவலையில்லை. ஆனால் 4-க்கு 5 அடி ஸ்டோர் ரூமில் 6 கன மீட்டர்கூட வராது. அங்கே வைக்காதீர்கள்.

வைக்கும் இடம்

அடுப்புக்குப் பக்கம், மேற்கு வெயில் விழும் ஜன்னல், மொட்டை மாடி ஷீட் அறை, மழைச் சாரல் படும் பால்கனி ஆகிய நான்கையும் விலக்குங்கள். கையேட்டில் இடைவெளி சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. இல்லையென்றால் பின்பக்கமும் இரு பக்கமும் 10 செ.மீ., மேலே 30 செ.மீ. விடுங்கள். பின்னால் கம்பி வலை தெரியாத மாடல்களில் வெப்பக் குழாய் பக்கச் சுவர்களுக்குள் ஓடுகிறது, அதனால் பக்கங்கள் சூடாக இருப்பது இயல்பு. அந்தச் சுவரில் ஆணியோ ஸ்க்ரூவோ இறக்கினால் கேஸ் குழாய் ஓட்டையாகும். மேலே துணி போட்டு மூடுவது, அரிசி மூட்டையை ஒட்டி அடுக்குவது எல்லாம் வெப்பத்தை அடைத்து வைப்பதுதான்.

தரை உறுதியாக இருக்கட்டும், நிரம்பிய ஃப்ரீசர் 100 கிலோவை எளிதில் தாண்டும். ரசமட்டம் வைத்து இடது, வலது சமமாக்கிவிட்டு, முன்கால்களை மட்டும் சிறிது உயர்த்தித் திருகுங்கள். கதவு பாதி திறந்த நிலையில் விட்டால் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால், சாயாமல் பிடிக்கும் பட்டை கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சுவரோடு பிணையுங்கள்.

ஏற்றி இறக்கும்போது 45 டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது. படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். நிமிர்த்தி வைத்து 24 மணி நேரம் கழித்தே சுவிட்சைப் போடுங்கள். நிமிர்ந்தபடியே வந்திருந்தால் 4 மணி நேரம் போதும்.

மின்சாரம்

ஃப்ரீசருக்குத் தனி சாக்கெட் வேண்டும், எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எதுவும் கூடாது. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அது நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்தால் பிளக் கருகும். மாதம் ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்புக்கு மேல் சூடு இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் நேரம் அது.

ஈரக் காலோடு கதவைத் தொடும்போது சுர்ரென்று இருந்தால் எர்த் இல்லை, கசிவும் இருக்கிறது என்று அர்த்தம். உடனே மெயினை அணைத்துச் சரிசெய்யுங்கள். காலுக்கு அடியில் ரப்பர் மேட் போட்டுக்கொள்வது தீர்வல்ல. கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். அது வேறு ஏதோ காரணத்தில் டிரிப் ஆகி, ஊருக்குப் போயிருக்கும்போது மீன் எல்லாம் உருகிவிடுமே என்று சிலர் ஃப்ரீசரை மட்டும் அதிலிருந்து விலக்கி வயரிங் செய்யச் சொல்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. ஃப்ரீசர் லைனுக்குத் தனி ஆர்சிசிபி போடுங்கள், பிரச்சினை அங்கேயே முடியும்.

ஸ்டெபிலைசர் எல்லா மாடலுக்கும் தேவையில்லை. லேபிளில் இயங்கு வோல்டேஜ் வரம்பு இருக்கும், உங்கள் தெரு வோல்டேஜ் அதற்குள் நிற்கிறதா என்று மாலை நேரத்தில் அளந்து முடிவு செய்யுங்கள். வாங்கினால் 3 நிமிட டிலே உள்ளதாக வாங்குங்கள். கரண்ட் போய் உடனே வரும்போது குழாய்களில் ஒரு பக்கம் அழுத்தம் கூடியே இருக்கும். அந்த நிலையில் கம்ப்ரசர் திணறும், 'டக்' என்று ஓவர்லோட் கட் ஆகும். கையால் அணைத்துப் போடும்போதும் இதே இடைவெளி விடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்க நினைத்தால், ஸ்டார்ட்டிங் கரண்டைத் தாங்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டுமே.

முதல் நாளும் அடுக்கும் முறையும்

காலியாக ஓடவிட்டு −18 டிகிரி வந்த பிறகே பொருள் வைக்க வேண்டும். திருகும் குமிழில் இருக்கும் 1, 2, 3 என்பவை டிகிரி அல்ல. எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவே. ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டர் வாங்கி நடுத் தட்டில் பொட்டலங்களுக்கு இடையே வைத்து, இரவு முழுக்க விட்டுக் காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள். செலவழிப்பதற்கு இதைவிடப் பயனுள்ள துணைப்பொருள் கிடையாது.

24 மணி நேரத்தில் எத்தனை கிலோ புதுப் பொருளை உறைய வைக்க முடியும் என்பது லேபிளில் இருக்கும். ஆட்டுக்கறியோ மீனோ மொத்தமாக வாங்கினால் அதற்கு மேல் ஒரே நாளில் திணிக்கக் கூடாது. ஃபாஸ்ட் ஃப்ரீஸ் பொத்தான் இருந்தால் முதல் நாளே அழுத்திவிடுங்கள். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள்கள் உருவாகித் தசையைக் கிழிக்கும். பிறகு உருக்கும்போது நீர் ஒழுகிக் கறி சக்கையாகிவிடும். அதனால் ஒரு வேளைக்கு ஆகும் 250 முதல் 500 கிராம் அளவில், 2–3 செ.மீ. கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி, காற்றை நன்றாகப் பிதுக்கிவிட்டு மூடுங்கள். காற்று பட்ட இடம் வெளுத்துக் காய்ந்துபோகும். தேதியை மார்க்கரால் எழுதுங்கள்.

வஞ்சிரம் போன்ற மீனைச் சுத்தம் செய்து துண்டாக்கி வைக்கலாம். கொழுப்பு மிகுந்த மத்தி, கானாங்கெளுத்தி 2–3 மாதத்துக்குள் தீர வேண்டும். இந்த இரண்டிலும் சூரையிலும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. வாங்கும்போதே வெயிலில் கிடந்த மீனில் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகியிருந்தால் உறைய வைப்பதோ கொதிக்க வைப்பதோ அதை அழிக்காது. ஐஸில் இருந்த மீனை ஐஸோடு கொண்டுவந்து நேராக வையுங்கள். இறாலைத் தண்ணீரில் மூழ்கும்படி டப்பாவில் உறைய வைத்தால் காயாமல் இருக்கும். கோழித் துண்டுகள் 9 மாதம், கொத்துக்கறி 3–4 மாதம், குழம்பு வகை 2–3 மாதம் சுவை மாறாமல் நிற்கும். பச்சைப் பட்டாணியைக் கொதிநீரில் ஒன்றரை நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, ஈரம் துடைத்து வையுங்கள். துருவிய தேங்காய் தட்டைப் பொட்டலத்தில் நன்றாக இருக்கும். முழு முட்டை வெடிக்கும், குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு பஞ்சாகும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். கண்ணாடிப் பாட்டில் உடையும், சோடா வெடிக்கும். டப்பாவில் மேலே இரண்டு விரல்கடை காலி விடுங்கள். ஸ்ப்ரே டின், பெட்ரோல், தின்னர் எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

கதவுத் தட்டு அதிகம் சூடேறும் இடம். அங்கே முந்திரி, மசாலாப் பொடி வைக்கலாம், மீன் கூடாது. பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் பின்சுவரின் காற்றுத் துளைகளை அடைக்க வேண்டாம். சாத்திய கையோடு மறுபடி திறந்தால் கதவு இழுத்துப் பிடிக்கும். உள்ளே போன சூடான காற்று சுருங்கியதால் வரும் உறிஞ்சல் அது. பலமாக இழுத்தால் கைப்பிடியும் ரப்பரும்தான் போகும், ஒரு நிமிடம் பொறுங்கள்.

பனி நீக்குவது

சாதா மாடல்களில் பனி 5 மி.மீ. கனம் வந்ததும் நீக்க வேண்டும். கத்தி, ஸ்க்ரூடிரைவர், தோசைத் திருப்பி எதையும் கொண்டு குத்தாதீர்கள். இந்த வகையில் நீங்கள் பொருள் வைக்கும் தட்டுகளே கேஸ் ஓடும் குழாய்கள். ஒரு குத்தில் தட்டு ஓட்டையானால் பெரும்பாலும் மிஷினே போயிற்று, வெளிவரும் கேஸும் தீப்பற்றும்.

இருப்பு குறைந்திருக்கும் நாளாகப் பார்த்து, பொருள்களைத் தெர்மாகோல் பெட்டியில் நெருக்கமாக அடுக்கிப் போர்வை சுற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கதவை அகலத் திறந்து, அடியில் துணி பரப்புங்கள். பாத்திரத்தில் சுடுநீர் ஊற்றி ஒரு தட்டில் துணி விரித்து வைத்தால் ஆவியில் பனி தானே கழன்று விழும். தள்ளி வைத்த டேபிள் ஃபேன் காற்று இன்னும் விரைவாக வேலை செய்யும், வயர் மட்டும் ஈரத்தில் கிடக்க வேண்டாம். ஹேர் டிரையர், ஹீட்டர் வேண்டாம். பிறகு 1 லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, குளிர் வந்தபின் அடுக்குங்கள்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் பனி கட்டினால் அது பழுதின் அடையாளம். பின்சுவரில் கட்டினால் டீஃப்ராஸ்ட் ஹீட்டரோ சென்சாரோ, கதவு ஓரத்தில் கட்டினால் ரப்பர், அடித்தளத்தில் கட்டினால் அடைபட்ட வடிகால் துளை. கடைசியை ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீர் செலுத்தி நீங்களே எடுக்கலாம். அந்த நீர் போய்ச் சேரும் பின்பக்கத் தட்டை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடங்களில் அதுவும் ஒன்று.

ரப்பரைச் சோதிக்க ஒரு ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். நான்கு பக்கமும் பிடிமானம் இருக்க வேண்டும். வழுக்கினால் சோப்பு நீரில் துடைத்து, கோணிய இடத்தில் சுடுநீரில் நனைத்த துணியை ஒத்திப் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். பின்னால் கம்பி வலை இருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். கம்ப்ரசர் சூட்டுக்குக் கரப்பானும் எலியும் வரும், வயரை எலி கடித்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

கரண்ட் போனால்

நிரம்பிய ஃப்ரீசர், கதவு திறக்காமலிருந்தால், சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். மே மாத வெப்பத்தில் இதைவிடக் குறைத்தே கணக்கிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-இன் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. புயல் அறிவிப்பு வந்ததும் காலி இடங்களில் முக்கால் பங்கு நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை வைத்து உறைய விடுங்கள். ஒரு டம்ளரில் நீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். ஊரிலிருந்து திரும்பும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று தெரியும். அதை உண்ண வேண்டாம். பனித்துகள் இன்னும் இருக்கும் பொருளை மறுபடி உறைய வைக்கலாம். உருகிச் சூடேறிய மீனையும் கறியையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள். உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. உறைந்ததை உருக்கும்போதும் சமையல் மேடையில் வைக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் முதல் நாள் இரவே இறக்கி வையுங்கள்.

மெக்கானிக் வரும்போது

வருடா வருடம் "கேஸ் அடிக்க" வேண்டிய இயந்திரம் அல்ல இது. கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல, மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் கசிகிறது. கசிவு எங்கே என்று காட்டாமல் கேஸ் மட்டும் நிரப்புபவருக்குப் பணம் தராதீர்கள். ஆர்-600ஏ என்றால் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி (வாக்குவம் எடுத்து), டிஜிட்டல் தராசில் லேபிளில் உள்ள கிராம் கணக்குக்கு நிரப்ப வேண்டும். கேஸ் உள்ளிருக்கும்போது குழாயைத் தீ டார்ச்சால் வெல்டிங் செய்ய விடாதீர்கள். கேஸ் கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் எந்த சுவிட்சையும் போடாமல், அணைக்காமல், தீப்பொறி இல்லாமல், ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

பழசைக் கழிக்கும்போது முதல் வேலை கதவைக் கழற்றுவது. ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய்க் கதவு சாத்திக்கொண்டால் சில நிமிடங்களில் மூச்சடைக்கும். பூட்டு உள்ள மாடலில் சாவியைக் கதவிலேயே தொங்கவிடாதீர்கள் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். பிளக் வயரை வெட்டுங்கள், தட்டுகளை உள்ளேயே விட்டுவிடுங்கள். குழாயை வெட்டிச் செம்பு எடுக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ பழசை எடுத்துக்கொள்ளும் தயாரிப்பு நிறுவனத்திடமோ ஒப்படையுங்கள்.