வேட்டை நாய் வளர்க்கும் தம்பிகள் காட்டோரத்தில் செய்யக் கூடாத தவறுகள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். துவரைக்கு மருந்தடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். தர்மபுரி மாவட்டத்துப் பஞ்சப்பள்ளி ரோட்டில் மூன்று பையன்கள், ஒரு பைக், இரண்டு நாய். ஒன்று கன்னி, ஒன்று சிப்பிப்பாறை, இரண்டுமே நாட்டு வேட்டை நாய்ச் சாதி. இரண்டுக்கும் வயசு ஒன்றரை தாண்டாது. ஒருத்தன் நெற்றியில் கட்டிய டார்ச்சைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கப்பா போயிட்டு வர்றீங்க?"

"சும்மா நாயை ஓட்டிட்டு வர்றோம்ணா. புறம்போக்குலதான்."

அந்த 'புறம்போக்குலதான்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2004இல் இதே சொல்லை ஒரு வனக்காப்பாளரிடம் நானும் சொல்லி நின்றிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் வை, உச்சி வெயிலில் ஓட்டாதே என்பதெல்லாம் நாய் வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"நாய்தானே பிடிச்சது, நான் பிடிக்கலையே"

மாட்டிக்கொண்ட எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். 1972ஆம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் என்ன என்று 2ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. கொன்றால் மட்டும் வேட்டை என்று அதில் இல்லை. பிடிப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது என்று பட்டியல் போகிறது. நாயை விட்டுத் துரத்தவிடுவதற்கென்றே அதில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. இவற்றில் எதற்கு முயற்சி செய்தாலும் அதுவும் வேட்டைதான். முயல் தப்பித்துப் போயிருந்தாலும், நாய் வெறும் வாயோடு திரும்பியிருந்தாலும், அவிழ்த்துவிட்ட கை உங்களுடையது.

தண்டனையும் பழைய மாதிரி இல்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குற்றத்துக்கே மூன்று வருசம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். உடும்பு, மயில் போல முதல் பட்டியலில் இருக்கும் உயிர் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ, குறைந்தது மூன்று வருசம், அதிகபட்சம் ஏழு. வழக்குக்குப் போகாமல் பணம் கட்டி முடிக்கும் சமரசத் தொகைக்குத் திருத்தத்துக்கு முன் உச்சவரம்பு 25,000 ரூபாய். இப்போது 5 லட்சம். சரணாலய வேட்டைக்கு அந்த வழியும் கிடையாது.

புறம்போக்கு என்று நினைப்பது

இதில்தான் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆத்திரம். ஆத்திரம் என்மேலும் உண்டு, கேட்காமல் கிளம்பும் பையன்கள்மேலும் உண்டு.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு. அடிவாரத்தில் மேய்க்கால் புறம்போக்கு. ஆட்டுக்காரர்கள் காலையில் பட்டியைத் திறந்தால் அங்கேதான் போவார்கள். பெண்கள் சுள்ளி பொறுக்குவார்கள். ஆடி மாசம் மேலே இருக்கும் முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க ஊரே அந்தத் தடத்தில்தான் ஏறும். எல்லோரும் போகிற இடம் என்றால் எல்லாவற்றுக்கும் போகலாம் என்பது என் கணக்கு. மாமாவும் அப்படித்தான் சொன்னார். அவருக்கு அவர் அப்பா சொன்னது.

என்னிடம் அப்போது செவத்தி என்று ஒரு பொட்டை இருந்தாள். சிப்பிப்பாறைக் கலப்பு, செம்மண் நிறம், வயிறு முதுகோடு ஒட்டிய உடம்பு. கடலைக் காடு அறுத்துக் கிடந்த ஒரு மார்கழிக் காலையில் அவளைப் பைக்கில் கூட்டிக்கொண்டு கரட்டடிக்குப் போனேன். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன். செவத்தியின் கயிற்றை அந்தக் கல்லில்தான் சுற்றியிருந்தேன். புதரிலிருந்து முயல் ஒன்று எழுந்தது. கயிற்றை உருவினேன். அவ்வளவுதான், அவள் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடிய என்னை இரண்டு பேர் வழிமறித்தார்கள். ஒருத்தர் வனக்காப்பாளர், இன்னொருவர் வேட்டைத் தடுப்புக் காவலர். புறம்போக்கு என்றேன். காப்பாளர் கோபப்படவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த கல்லுக்கே என்னைத் திருப்பி அழைத்துப்போனார். குனிந்து, மேலே அப்பியிருந்த பாசியையும் ஆட்டுப் புழுக்கையையும் உள்ளங்கையால் தேய்த்தார். அடியில் மங்கிப்போன சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு அடியில் செதுக்கிய எண். காப்புக்காட்டின், அதாவது வனத்துறை காக்கும் அரசுக் காட்டின், எல்லைக்கல்.

"இதுமேலதான உக்காந்திருந்த? இந்தப் பக்கம் உங்க ஊரு, அந்தப் பக்கம் காடு. நாய் எந்தப் பக்கம் போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. 1882ஆம் வருசத்து தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது, மேய்ப்பது, வேட்டையாடுவது, கண்ணி வைப்பது எல்லாமே தனித்தனிக் குற்றம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பைக்கை எடுத்துக்கொண்டார்கள். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைக் கைப்பற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பைக் கைக்கு வர ஐந்து மாசம். கடலை விற்ற காசு முழுவதும் அதற்கே போனது. அந்த வருசம் தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்கினார்.

செவத்தி மூன்றாம் நாள் வந்தாள். இடுப்பில் பைக் கிளட்ச் வயர் ஒன்று தோலுக்குள் புதைந்திருந்தது. யாரோ பன்றிக்கு வைத்த சுருக்கு. அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வயரை இடுக்கியால் நறுக்கி எடுக்கும்போது அவள் என்னைக் கடிக்கவில்லை, கையை நக்கினாள். பாலக்கோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டும் ஒரு வாரம்தான் இருந்தாள்.

அதனால் தம்பிகளே, இந்தக் கணக்கை இனியாவது சரியாகப் போடுங்கள். மேய்க்கால் புறம்போக்கும் காப்புக்காடும் நம் பகுதியில் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன. புதரும் கல்லும் இரண்டிலும் ஒன்றுதான், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. யானை அகழியை எல்லை என்று நம்பாதீர்கள். மண் இருக்கும் இடத்தில்தான் அகழி வெட்ட முடியும், பாறை வந்தால் ஒதுங்கிப் போகும். கம்பி வேலியும் அப்படித்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணைச் சொல்லி, நிலத்தின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டையும் அதன் எல்லை வரைந்த புலப்படத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதியைப் பார்க்கும் வனக்காப்பாளரையே கேளுங்கள். முன்கூட்டியே வந்து கேட்பவனை யாரும் கடிந்துகொள்வதில்லை.

ஆட்டுக்காரர் போகிறாரே என்று அவரைக் காட்டாதீர்கள். ஆடு மேய்க்க இருக்கும் வழக்கம் வேறு, கோயில் தடம் வேறு. 2006இன் வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் மக்களுக்குப் பட்டா, மேய்ச்சல், சிறு வனப்பொருள் சேகரிப்பு என்று எத்தனையோ உரிமைகளைக் கொடுத்தது. காலங்காலமாக அனுபவித்துவந்த மற்ற உரிமைகளும் செல்லும் என்றது. அதே வரியிலேயே வேட்டையாடும் உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவைத்தது. மலையில் பிறந்தவருக்கே இல்லாத உரிமை பைக்கில் வந்த நமக்கு எப்படி இருக்கும்?

நான் மாட்டியபோது அது வெறும் காப்புக்காடு. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் வந்தது, 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். அப்பா காலத்தில் விறகுக்குப் போன காட்டில் பல இடங்கள் இன்றைக்குச் சரணாலயம். உள்ளே போக அனுமதி வேண்டும். படம் எடுக்க, ஆராய்ச்சி செய்ய, சுற்றிப்பார்க்க என்று காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். நாய் ஓட்ட என்று யாருக்கும் அனுமதி கிடையாது. ஓசூர்ப் பக்கம் சானமாவு மாதிரி ரோட்டை ஒட்டிய காடுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். லாரிச் சத்தம் கேட்கும் இடமானாலும் காப்புக்காடு காப்புக்காடுதான்.

இன்னொன்று, கூப்பிட்டால் நாய் வந்துவிடும் என்ற நம்பிக்கை. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடும் சாதி. முயலைப் பார்த்த நொடியில் உங்கள் குரல் அதன் காதில் விழாது. வீட்டு வாசலில் விசிலுக்கு ஓடிவருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காட்டோரத்தில் நடக்கும்போது முப்பதடிக் கயிறு கையில் இருக்கட்டும். அதன் முனை கழுத்துப்பட்டையில் மாட்டியே இருக்கட்டும்.

சொந்தப் பட்டா நிலம்

முயல் உங்கள் பட்டாவில் இல்லை. சட்டம் எல்லா நிலத்துக்கும்தான்.

பன்றிக்கு நாயை ஏவுவது

பன்றியால் படும் வேதனை எனக்கும் தெரியும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் மரவள்ளியைக் கிளறிப்போட்டதைக் காலையில் போய்ப் பார்த்து நின்றவன் நான். அதற்காக நாயை ஏவினால் முதலில் போவது நாய்தான். கொம்புப் பன்றி திரும்பி ஒரு தடவை தலையை உயர்த்தினால் நாயின் வயிறு கிழியும். குடல் வெளியே வந்த நாயை வேட்டியில் சுற்றி எடுத்துவந்த பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்த்திருக்கிறேன். பன்றிக்கு அவுட்டுக்காய் என்னும் தீனி வெடி வைத்திருந்தால் அதை முதலில் கடிப்பதும் நாயாகத்தான் இருக்கும்.

2025 ஜனவரியில் அரசு ஒரு முறை வகுத்தது. காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களே சுடுவார்கள். எந்த இடத்திலும் விவசாயி சுடலாம் என்றோ நாயை விடலாம் என்றோ இல்லை. பயிர் போனால் படம் எடுத்து, மனு எழுதி, இழப்பீடு கேளுங்கள். அலைச்சல்தான், இருந்தாலும் கேளுங்கள். கோபத்தில் மின்சாரத்தைக் கம்பியில் விட்டுவிடாதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிப் பக்கம் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின் உடலை விட்டு நகராமல் நின்றன.

காவலுக்கு நாய் வேண்டும் என்றால் வேலிக்கு உள்ளே, பரணுக்கு அடியில் கட்டுங்கள். குரைத்தாலே போதும், நீங்கள் எழுந்துகொள்வீர்கள். ராஜபாளையம், கோம்பை நாய்களைக் காவலுக்கும் வைத்திருந்தார்கள்.

ராகி அறுப்புக் காலத்தில் நாயோடு நடப்பது

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கும். ராகி கதிர் முற்றும் வாசம் அதற்கு எட்டிவிடும். அந்த நாட்களில் நாயோடு காட்டோரம் போகவே போகாதீர்கள். நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும். யானை திரும்பினால் நாய் எங்கே ஓடும்? தன்னை வளர்த்தவன் காலடிக்குத்தான். யானையும் பின்னாலேயே வரும். நாய் ஒதுங்கிக்கொள்ளும், மனுசனால் முடியாது. சிறுத்தைக்கோ நாயே இரை.

ஸ்டேட்டஸ் போடுவது

செத்த முயலைத் தூக்கிப் பிடித்த படம் உங்கள் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். அழித்தாலும் யாரோ ஒருத்தர் போனில் இருக்கும்.

ஊசி போடாத நாய்

வெறிநோய் ஊசிக்கு மூன்று மாசக் குட்டியில் தொடங்கி வருசா வருசம் போக வேண்டும். டிஸ்டம்பர், பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய்களுக்கு அதற்கு முன்பே. இது நம் நாய்க்கு மட்டுமான பேச்சில்லை. ஊர் நாயிடமிருந்து டிஸ்டம்பரும் வெறியும் செந்நாய்க்கும் நரிக்கும் போகும். ஒரு கூட்டமே அழிந்துபோக முடியும். அவற்றுக்கு யார் ஊசி போடுவார்கள்? காட்டோரம் நடந்துவிட்டு வந்தால் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். ஈறு வெளுத்து, தீனியைத் தொடாமல் படுத்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

'முயல் பிடித்த லைன்' என்று சொன்னால் வாங்குவது

வாங்காதீர்கள். முயல் பிடித்த வம்சம் என்று சொல்லி விற்கிறவன் குட்டியோடு ஒரு வழக்கையும் சேர்த்து விற்கிறான்.

ஓடாத நாயைக் காட்டோரம் விட்டுவிட்டு வருவது

இதைச் செய்கிறவர்களை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. பசியில் நாலைந்து நாய் சேர்ந்தால் கூட்டமாகிவிடும், புள்ளிமானைச் சுற்றிவளைத்துக் கடிக்கும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கேட்டு வாங்கிப்போக ஆள் தேடுங்கள்.

அப்போ நாயை எங்கேதான் ஓட்டுவது?

அந்தப் பையன்களும் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஓடப் பிறந்த நாயைக் கட்டியே போட்டால் அது நோகும்.

என் கடலைக் காடு அறுத்தபின் இரண்டு மாசம் சும்மா கிடக்கும். நடு ஊரில் இருக்கிறது, சுற்றிலும் வேலி, வனம் அங்கிருந்து வெகு தூரம். பழைய சைக்கிள் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின் சக்கரத்தின் டயரைக் கழற்றிவிட்டு, ரிம் பள்ளத்தில் நைலான் கயிற்றைக் கட்டியிருக்கிறேன். இருநூறு அடி தள்ளிக் கயிற்றின் மறுமுனையில் ஒரு கந்தல் துணிமூட்டை. பெடலைக் கையால் சுழற்றினால் துணி தரையில் துள்ளித் துள்ளி ஓடிவரும். நாய் அதைத் துரத்தும். ஒரு தடவைக்கு நாலைந்து ஓட்டம் போதும், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். முடிந்ததும் துணியைக் கடித்துக் குதற விடுங்கள், அது அதன் கூலி.

அந்தக் கன்னிக் குட்டி முதல் ஓட்டத்தில் துணியைத் தாண்டிப் போய் சைக்கிளிலேயே முட்டிக்கொண்டது. மூன்றாவது ஓட்டத்தில் வளைந்து வந்து வாயில் பிடித்தது. பிடித்த துணியை விடாமல் நிலத்தைச் சுற்றி ஓடியது. பையன் பின்னாலேயே ஓடினான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுக் கயிறு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன், இது நைந்துவிட்டது.