மாடியில் தக்காளி: பட்டம் பார்த்து விதைப்பது முதல் பழம் பறிப்பது வரை

தக்காளிச் செடியை வளர்ப்பது கடினமே இல்லை. குப்பைமேட்டில் தானாக முளைத்த செடிகூட இடுப்பளவு வந்துவிடும். அதைக் காய்க்க வைப்பதுதான் வேலை. வீட்டில் முதன்முதலாகத் தக்காளி வைப்பவர்களில் பலரும் சொல்லும் குறை ஒன்றே: செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது, கொத்துக்கொத்தாகப் பூக்கிறது, ஆனால் காம்பின் கணு மஞ்சளாகி எல்லாப் பூவும் கொட்டிவிடுகிறது. உரம் போதவில்லை என்று நினைத்து அதையும் இதையும் கரைத்து ஊற்றுவார்கள். பூ இன்னும் அதிகமாகக் கொட்டும்.

பெரும்பாலும் காரணம் வெப்பம்தான், அதிலும் இரவு வெப்பம். காய் நன்றாகப் பிடிக்க இரவில் 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ, பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ மகரந்தம் வீரியம் இழக்கிறது, பூ கருவுறாமலே உதிர்கிறது. அதனால் எந்த மாதத்தில் பூ வரும் என்று முதலில் கணக்குப் போட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். விதைத்த நாளிலிருந்து நடவுக்கு 25 முதல் 30 நாள், நட்டதிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மார்கழி, தை மாதங்களில்தான் இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கும். பூ அப்போது வர வேண்டுமென்றால் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முடிவதற்குள் விதைக்க வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல்லை நம்பிச் சென்னை மாடியில் ஆடியில் தக்காளி விதைத்தால், வெக்கையில் பூ கொட்டும், பிழைத்த செடியை வடகிழக்குப் பருவமழை அழுக வைக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, கோவைப் பக்கம் அப்படியில்லை. அங்கே ஆடிப்பட்டமும் சரி, கார்த்திகைப் பட்டமும் சரி. மாசிக்குப் பிறகு சமவெளியில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

விதையும் நாற்றும்

தொடங்குபவர்களுக்கு ஏற்ற ரகம் பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உள்ளூர் அன்னஞ்சி ரகத்திலிருந்து உருவாக்கியது. தட்டை உருண்டையான, தோள்பக்கம் பச்சை படர்ந்த, புளிப்பான பழம். ரசத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. விதையை எடுத்து வைத்து அடுத்த ஆண்டும் விதைக்கலாம். உங்கள் தெருவில் இலைச்சுருட்டு நோய் அதிகம் என்றால், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் நல்ல தேர்வு. இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் அது கலப்பின ரகம், அதன் விதை தாயைப் போலவே வராது. கடையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து விதைப்பதும் இதனால்தான் நம்பகமில்லை. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி கலப்பினம்.

குழித்தட்டிலோ, அடியில் துளையிட்ட காகிதக் கோப்பையிலோ கோகோபீட்டும் (தென்னை நார்த் தூள்) மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்புங்கள். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டு விதை. முளைக்கும்வரை நிழல், 5 முதல் 8 நாளில் முளை தெரியும். முளைத்த அன்றே காலை வெயிலுக்கு மாற்றிவிடுங்கள். நிழலிலேயே விட்டால் தண்டு வெளிறி நூலாக நீளும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் பாதி நாற்று வீணாகிறது. நிஜ இலை இரண்டு வந்ததும் குழிக்கு ஒரு நாற்றை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் இரண்டின் வேரும் அறும்.

நாற்றுப் பருவத்தில் தட்டுக்கு மேல் கொசுவலையைவிட நெருக்கமான நைலான் வலை போட்டு மூடுவது மிக முக்கியம். வெள்ளை ஈ இலைச்சுருட்டு வைரஸைச் சுமந்து வரும் பூச்சி. நாற்றில் நோய் ஏறினால் அந்தச் செடி காய்க்கவே காய்க்காது. சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக வெள்ளை ஈ எளிதாக நுழைந்துவிடும்.

பையும் மண்கலவையும்

ஒரு செடிக்கு 15 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள பை. 20 லிட்டர் பெயின்ட் வாளியும் சரி, அடியில் நான்கைந்து துளை போட்டுக்கொள்ளுங்கள். 12 அங்குலத்துக்குக் குறைந்தால் வெயில் நாளில் மதியத்துக்குள் மண் காய்ந்து, பின்னால் சொல்லப்போகும் காய் அழுகலுக்கு வழிசெய்யும். ஒரு பையில் இரண்டு செடி வைக்க வேண்டாம். பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். வடிகாலும் கிடைக்கும், தளத்தில் ஈரமும் தங்காது. நனைந்த பெரிய பை ஒன்று 30 கிலோவைத் தாண்டும் என்பதால் சுவரோரமாக, தூணுக்கு மேலாக அடுக்குவது நல்லது. குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும்.

கலவை: செம்மண், கோகோபீட், மண்புழு உரம் ஒவ்வொன்றும் ஒரு பங்கு, எடையில் அல்ல, கொள்ளளவில். ஒரு பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத் தூள், வேர் அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு தேக்கரண்டி. கோகோபீட் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகே கலக்க வேண்டும். கழுவாததில் உப்பு இருக்கும், இலை நுனி கருகும். கலந்து லேசாக நனைத்து 10 நாள் மூடிவைத்தபின் நடலாம். புண்ணாக்கு புளிக்கும்போது எழும் சூடு இளவேரைக் கருக்கும் என்பதால் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது.

நடும்போது நாற்றின் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நான்கைந்து இலை மட்டும் தெரியும்படி தண்டை ஆழமாகப் புதையுங்கள். கத்தரி, மிளகாய்க்கு இப்படிச் செய்வதில்லை. தக்காளியின் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். மாலையில் நட்டு, இரண்டு நாள் நிழல் கொடுங்கள். 5 அடிக் குச்சியையும் அன்றே ஊன்றிவிடுங்கள். காய்த்த பிறகு ஊன்றினால் வேர் கிழியும். பழைய பருத்தித் துணிக் கீற்றால் எட்டு வடிவில், தண்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

தண்ணீரும் தீனியும்

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித் துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். காய் பிடித்த செடி வெயில் நாளில் 2 லிட்டர் வரை இழுக்கும். காலையில் ஊற்றுவதே நல்லது. இலையில் படாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். மேலே மூடாக்காகக் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் பரப்பினால் ஈரம் ஒரே சீராக நிற்கும்.

அந்தச் சீர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் அமுங்குவது பூச்சியும் அல்ல, பூஞ்சையும் அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச்சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் தண்ணீரோடுதான் அது மேலே ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் ஏற்றம் தடைபடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்பார்கள். அது மக்கிக் கரைய மாதங்கள் ஆகும், இப்போதுள்ள காயைக் காப்பாற்றாது. கறுத்த காயைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும். பழம் வெடிப்பதற்கும் இதே கதைதான்: காய்ந்திருந்த மண்ணில் திடீர் மழை.

தீனி விஷயத்தில் கை அடங்கியிருக்கட்டும். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். அதே இடைவெளியில் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா. கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பூக்கும்வரை கொடுக்கலாம். பூ வந்தபின் நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் மதமதவென்று வரும், பூ நிற்காது.

பி.கே.எம். 1 போன்ற குட்டை ரகத்தில் தரையை ஒட்டிய இலைகளையும் முதல் பூக்கொத்துக்குக் கீழ் உள்ள பக்கக் கிளைகளையும் எடுத்தால் போதும். கொடியாக ஏறும் ரகத்தில் மட்டும் இலைக்கணுவில் வரும் பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை கிள்ளி, ஒன்றிரண்டு தண்டுகளை மட்டும் விட வேண்டும்.

தக்காளிப் பூவுக்கு வேறு செடியின் மகரந்தம் தேவையில்லை, ஆனால் அதிர்வு தேவை. தோட்டத்தில் அந்த வேலையைக் கருவண்டு செய்கிறது. பூவைப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். தேனீக்கு அது தெரியாது. ஐந்தாவது மாடியில் வண்டு வராவிட்டால், காலை 8 முதல் 11 மணிக்குள் பூக்கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிவிடுங்கள்.

என்ன கோளாறு, என்ன செய்வது

இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, மஞ்சளோடி, செடி வளராமல் நின்றால் அது இலைச்சுருட்டு வைரஸ். மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும். கடும் வெயிலிலும் இலை சுருளும், ஆனால் மாலையில் விரியும். அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் உச்சி உயரத்தில் தொங்கவிடலாம். லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயை ஒரு கிராம் காதி சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

அடி இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் முன்பருவ இலைக்கருகல். அந்த இலைகளைக் கத்தரித்து வெளியே போடுங்கள், மண் தெறிக்காமல் மூடாக்கு இடுங்கள். இலையில் வெள்ளைக் கோடு கோலம்போல் ஓடினால் இலைத் துளைப்பான். கையால் கிள்ளினாலே அடங்கும். காயில் துளை போடும் புழுவுக்கு அருகில் இரண்டு பை செண்டுமல்லி வைத்தால் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். தக்காளியில் தென்படும் புழுவைக் கையால் எடுத்துவிடுங்கள்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் திடீரென்று துவண்டால், தண்டை அடியில் வெட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் பால்போல் நூல் வடிந்தால் பாக்டீரியா வாடல். அந்தப் பை மண்ணைத் தக்காளிக்குத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

பறிப்பது

நட்ட 60 முதல் 75 நாளில் முதல் பழம். அடிப்பக்கம் இளஞ்சிவப்பு தெரிந்ததுமே காம்போடு பறித்துச் சமையலறையில் வையுங்கள், மூன்று நான்கு நாளில் முழுதாகப் பழுக்கும். அணிலும் குருவியும் கொத்துவதற்கு முன் எடுத்துவிடலாம், சுவையில் பெரிய குறை வராது. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது என்பதால் பங்குனி வெயிலில் செடியிலேயே விட்ட பழம் மஞ்சளாகத்தான் நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும்.

விதைக்கு நல்ல செடியின் முழுதாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சதையோடு இரண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவி, தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். செடி ஓய்ந்ததும் வேரை இழுத்துப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேரைத் தாக்கும் நூற்புழு. அந்தக் கலவையைக் கறுப்புப் பையில் கட்டிச் சித்திரை வெயிலில் ஒரு மாதம் வேகவைத்து, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் சேர்த்து, அடுத்து அதில் செண்டுமல்லி வையுங்கள். முடிச்சு இல்லையென்றால் புது உரம் கலந்து கீரையோ கொத்தவரையோ விதைக்கலாம். தக்காளியின் உறவுகளான கத்தரி, மிளகாய் மட்டும் அதில் உடனே வேண்டாம்.