லொறி மறித்து ஒலுவிலுக்கு: வழியிலும் கரையிலும் செய்யக் கூடாத தவறுகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்போடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே கல்முனை, ஒலுவில், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று போக ஏ-4 வீதிதான் இருக்கிறது. கையில் காசு குறைந்த பிள்ளைகள் முதுகில் பையோடு லொறி மறித்து ஏறுவதையும் இரவில் கடற்கரையில் படுப்பதையும் அடிக்கடி காண்கிறேன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது வயதில் நானும் அப்படித்தான் போனேன். அன்று நான் செய்த பிழைகளை இன்று அவர்களும் செய்வதுதான் மனதை உறுத்துகிறது.

லொறிக்காரரிடம் “எங்கே போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டு ஏறிவிடாதீர்கள். எந்தச் சந்தியில் திரும்புவார் என்பதையும் கேளுங்கள். அம்பாறைக்குப் போகும் வாகனங்கள் காரைதீவிலோ அக்கரைப்பற்றிலோ கரையை விட்டு உள்ளே திரும்பிவிடும். கண்ணயர்ந்திருந்த நான் விழித்துப் பார்த்தபோது கடல் காற்றே இல்லை, இருபுறமும் வயல். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடப்பதால் அங்கே வாகனம் மறிப்பது வீண் வேலை, பஸ்ஸில் ஏறுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறுவதானால் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

திருக்கோவிலைத் தாண்டினால் நிலைமை வேறு. கோமாரி, சங்கமன்கண்டிப் பக்கம் பொழுது பட்டபின் யானை வீதிக்கு வரும். இருட்டில் கை காட்டுகிறவருக்காக எந்தச் சாரதியும் நிறுத்த மாட்டார். நடந்தே போய்விடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஓர் ஊரில் தங்கிவிடுங்கள்.

தூங்கும் இடத்தில் பலரும் நுளம்பை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். நான் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. அது இரவில் திரியும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. பிறகு வயிற்றுவலி வரும், இமை தானாகச் சரியும், மூச்சு தடைப்படும். காலையில் எழுந்து ‘ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நினைத்துக் காலம் கடத்துவதுதான் உயிரைப் பறிக்கிறது. ஆகவே பற்றை ஓரத்திலோ விறகுக் குவியலின் அருகிலோ வெறுந்தரையில் பாய் விரிக்காதீர்கள். நுளம்புவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் இறுக்கிச் செருகுங்கள். நுளம்போடு பாம்பையும் அது தடுக்கும். பாம்பு கடித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஒலுவிலில் துறைமுகத்துக்கு வடக்கே கரையை அலை அரித்துக்கொண்டே வருகிறது. பகலில் உறுதியாகத் தெரியும் மணல்மேட்டின் விளிம்பு இரவில் சரியலாம். அங்கே தலை வைக்க வேண்டாம். வாவி ஓரமும் கூடாது, முதலை உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். அந்த மாதங்களில் வெளியில் படுக்கும் எண்ணத்தையே விடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒளிந்து படுப்பது. ஒருமுறை கரையில் ஏற்றியிருந்த தோணியின் மறைவில், யாருக்கும் தெரியாமல் படுத்தேன். விடியுமுன் கரைவலைக்கு வந்தவர்கள் டோர்ச் அடித்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் வலை திருட வந்தவன். அடையாள அட்டையைக் காட்டி, ஊர் பெயர் சொல்லி, குரல் நடுங்கி நின்றேன். கடைசியில் ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, பின்னேரமே வந்து கேட்டிருந்தால் வாடிக்குள் பாய் போட்டுத் தந்திருப்போமே.” வாடி என்றால் கரையில் மீனவர் தங்கும் குடில்.

அதற்குப் பிறகு நான் கேட்காமல் எங்கும் படுத்ததில்லை. கோவிலென்றால் ஐயரிடமோ கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமோ, பள்ளிவாசலென்றால் நிர்வாகத்தாரிடமோ, கரையென்றால் வாடிக்காரரிடமோ, மாலை ஐந்து மணிக்கு முன்பே போய் நிற்பேன். பெண் பிள்ளைகள் ஏதாவது ஒரு குடும்பத்தின் வீட்டுத் திண்ணையைக் கேளுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த ஊருக்கு பஸ் பிடிக்க அப்போதும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.