நாடகத்துக்குப் புது ஆட்கள் ஏன் வருவதில்லை?

நவீன நாடகம் போடுகிறவர்களிடம் பேசினால் ஒரு குறை தவறாமல் வரும்: "எப்பவும் பார்த்த முகங்களேதான் வருது." காரணம் கேட்டால், "சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது." முதல் தவறு இந்தக் காரணம்தான்.

செய்யாறு, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் ஆரம்பிக்கிற கூத்து விடியும்வரை நடக்கும். பாட்டும் விருத்தமும் ஒன்றும் எளிய தமிழ் இல்லை. ஆனாலும் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. கதை பகலிலேயே காதில் விழுந்துவிட்டது. போதாததற்குக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுநடுவே புகுந்து, ராஜாவையே கிண்டலடித்து, உள்ளூர் விஷயத்தையும் இழுத்து விளக்கிவிடுகிறான். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற கிராமத்திலிருந்து நீநாசம் என்ற நாடக அமைப்பு 1985 முதல் 'திருகாட' என்ற தன் நாடகக் குழுவை ஊர் ஊராக அனுப்புகிறது. ஷேக்ஸ்பியர் கன்னடம் பேசிக்கொண்டு சின்னச் சின்ன ஊர்களுக்குப் போனது அப்படித்தான்.

எனவே நாடகத்தை நீர்க்கச் செய்ய வேண்டாம். அழைப்பை மாற்றுங்கள். "உடல்வெளியின் இருத்தலியல் நிகழ்வு" என்று நோட்டீஸ் அடித்தால், படித்தவரே இரண்டு தரம் யோசிப்பார். "அப்பா செத்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சொத்துச் சண்டை. ஒன்றரை மணி நேரம். குழந்தைகளையும் கூட்டி வரலாம்" என்று போடுங்கள். எந்த பஸ், எந்த நிறுத்தம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். 7 மணி என்று போட்டிருப்பார்கள். ஏழரைக்குக் குத்துவிளக்கு. அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ. திரை விலக எட்டேகால். ஆவடியிலிருந்து தனியாக வந்த பெண் அப்போதே செல்போனில் மணி பார்க்க ஆரம்பித்துவிடுவார். பாதியில் எழுந்து போனால், நாடகம் பிடிக்காமல் போனார் என்று நாமே கணக்கு எழுதிக்கொள்கிறோம். பெங்களூரில் 2004இல் திறந்த ரங்கசங்கரா அரங்கில் நாடகம் தொடங்கிவிட்டால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கடுமையான விதிதான். ஆனால் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்தால்தான் வீடு திரும்பும் நேரத்தை யாரும் கணக்குப் போட முடியும். பொன்னாடையை நாடகம் முடிந்தபின் போர்த்தினால் என்ன? வேண்டியவர்கள் எப்படியும் இருப்பார்கள்.

"அனுமதி இலவசம்" என்று போட்டால் கூட்டம் வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. தெரிந்தவர்கள் வருவார்கள், தெரியாதவர் இதை யாரோ வீட்டு விசேஷம் என்று நினைத்து ஒதுங்கிப் போவார். லண்டன் நேஷனல் தியேட்டர் 2003இல் தன் பெரிய அரங்கில் பெரும்பாலான இருக்கைகளுக்கு 10 பவுண்ட் என்று வைத்தது. சும்மா கொடுக்கவில்லை, புது ஆள் துணிந்து பார்க்கக்கூடிய விலைக்குக் கொடுத்தது. நம் ஊர் கணக்குக்கு ஐம்பது ரூபாய் போதும்.

சரி, எல்லாத் தரப்பினரும் வரவேண்டும் என்கிறோமே, மேடையில் யார் இருக்கிறார்கள்? பறை அடித்து விழாவைத் தொடங்கிவைத்துவிட்டு, அடித்தவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பினால் அவர்கள் தெருவிலிருந்து அடுத்த முறை ஏன் வரப்போகிறார்கள்? காஞ்சிபுரம் அருகே 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் பயிற்றுவித்து மேடையேற்றியது. மாற்றம் அங்கேதான் தொடங்க வேண்டும். சாய்தளம், கழிப்பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் இல்லாத இடத்துக்கு முதியவர்களைக் கூப்பிடாதீர்கள்.

கடைசியாக, நாடகம் முடிந்ததும் வைக்கிற அந்தக் கலந்துரையாடல். முதல்முறை வந்தவரிடம் மைக்கை நீட்டி "என்ன புரிந்தது?" என்று கேட்பது பரீட்சை. அவரை விட்டுவிடுங்கள். வாசலில் நடிகர்கள் டீயோடு நிற்கட்டும், பேச நினைப்பவர் பேசுவார். அவர் கிளம்புமுன் அடுத்த நாடகத்தின் தேதி கையில் இருக்க வேண்டும். அது ஆறு மாதம் கழித்து வரும் தேதியாக இருக்கக்கூடாது.